ஒருவருக்குப் பல பெயர்: கடல் கடந்த சீனச் சமூகங்களுக்கான நூலகத் தரவுத்தளத்தைத் தொடங்குவோர்க்கு

சிங்கப்பூரின் வடபகுதியில் யீஷூன் என்னும் நகரம் உள்ளது. அந்த வட்டாரத்துக்கு முன்பு நீ சூன் என்று பெயர். இரண்டும் ஒரே சொல்தான். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்டுப் பெருஞ்செல்வரான லிம் நீ சூன் (1879–1936) என்பவரின் பெயரை அவருடைய டியோச்சூ மொழியில் ஒலித்தால் நீ சூன் என்று வரும். அதே சீன எழுத்துகளைச் சீனப் பொதுமொழியான மாண்டரினில் ஒலித்து, சீன ஒலியை உரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் எழுதினால் யீஷூன் என்று வரும். இப்போது ஒரு நூலகத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே ஆங்கில நூல்களின் பட்டியலில் அவர் லிம் நீ சூன் என்றும், சீன நூல்களின் பட்டியலில் லின் யீஷூன் என்றும், ஒரு பழைய புகைப்படத்தின் பின்புறம் சீன எழுத்தில் மட்டும் இருக்கிறார். தேடி வரும் ஆய்வாளருக்கு மூன்று மனிதர்கள் தெரிவார்கள், அல்லது ஒருவர் மட்டும் தெரிந்து மற்ற இருவரும் மறைந்துபோவார்கள். கடல் கடந்த சீனச் சமூகங்களைப் பற்றிய தரவுத்தளம் அமைப்பதில் உள்ள வேலையின் பெரும்பகுதி இந்த மூவரையும் ஒருவராகக் காட்டுவதுதான். கணினியும் மென்பொருளும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

நூற்பட்டியலாக்கத்தில் அடிப்படைப் பயிற்சி பெற்று, இத்துறைக்குப் புதிதாக வந்திருக்கும் நூலகருக்காக இதை எழுதுகிறேன். சீனம் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நானும் பணிக்கு வந்தபோது ஓர் எழுத்தும் அறியேன். ஆனால் எளிமையாக்கப்படாத பழைய முழுவடிவ எழுத்தையும் கையெழுத்தையும் படிக்கக்கூடிய ஒருவர் முதல் நாளிலிருந்தே உடன் இருக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தொடங்கிய திட்டங்கள் பாதியில் நின்றதைக் கண்டிருக்கிறேன்.

எல்லையை முதலில் வரையுங்கள்

"கடல் கடந்த சீனர்" என்பது எந்த ஒரு நூலகத்துக்கும் கைக்கடங்காத அளவு. தென்கிழக்காசியாவில் மட்டுமே ஹொக்கியன், டியோச்சூ, கான்டனீஸ், ஹக்கா, ஹைனான் எனப் பல மொழிக்குழுவினர் பல நாடுகளில் பல ஆட்சிகளின் கீழ் வாழ்ந்திருக்கிறார்கள். ஆகவே ஒரு துறைமுகம், ஒரு மொழிக்குழு, ஒரு காலப்பகுதி, அல்லது ஒரே வகை ஆவணம் என்று சுருக்கிக்கொள்ளுங்கள். "1880 முதல் 1941 வரை பினாங்கு ஹொக்கியன் குலச் சங்கங்களின் வெளியீடுகள்" என்பது செய்து முடிக்கக்கூடிய எல்லை. "மலேசியச் சீனர் வரலாறு" என்பது அவ்வாறன்று.

எல்லை வரைந்ததும் மற்றவர்கள் ஏற்கெனவே செய்திருப்பதைப் பாருங்கள். 1881 முதல் 1932 வரை சிங்கப்பூரில் வெளிவந்த லாட் பாவ் என்னும் சீன நாளிதழைச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக நூலகம் மின்னாக்கம் செய்திருக்கிறது. தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஆங்கில, சீன, மலாய், தமிழ் நாளிதழ்கள் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பழைய நன்யாங் பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடத்தில் 1995இல் தொடங்கப்பட்ட சீன மரபுடைமை நிலையம் இயங்குகிறது. சீனாவில் ஷியாமென் பல்கலைக்கழகத்தின் நன்யாங் ஆய்வு நிறுவனம் 1956 முதல் இருக்கிறது. குவாங்சோவின் ஜினான் பல்கலைக்கழகமும் இத்துறையில் பெரிய தொகுப்பை வைத்திருக்கிறது. அமெரிக்காவில் ஒஹையோ பல்கலைக்கழக நூலகத்தில் இதற்கென்றே ஓர் ஆவண மையம் உண்டு. இவர்களிடம் உள்ள ஒன்றை மறுபடியும் ஸ்கேன் செய்வது பணத்தை வீணாக்குவதாகும். அவர்களின் பதிவுக்கு இணைப்புக் கொடுத்துவிட்டு, உங்கள் ஊரில் மட்டுமே இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊரில் என்ன இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு கட்டவும் வேண்டாம். நீலகிரியில் நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடைப்பட்ட சரிவில் ஒரு சிறு சீனக் குடியிருப்பு இருந்ததை மதராஸ் அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்த எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். ஜலசந்திக் குடியேற்றங்களிலிருந்து (பிரிட்டிஷாரின் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பப்பட்டுச் சின்கோனா தோட்டங்களில் வேலை செய்த சீனக் கைதிகளில் சிலர், தண்டனை முடிந்தபின் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினார்கள். அவர்களைப் பற்றிய தாள் எந்தச் சீன நூலகத்திலும் இராது. சிறைப் பதிவேட்டிலும் தோட்டக் கணக்கிலும் ஆங்கிலத்தில் இருக்கும். சீனரைப் பற்றிய தரவுத்தளம் சீனமொழித் தரவுத்தளம் அன்று என்பதை இது நினைவூட்டும். லிம் பூன் கெங்கும் சோங் ஓங் சியாங்கும் 1897 முதல் 1907 வரை சிங்கப்பூரில் நடத்திய ஸ்ட்ரெய்ட்ஸ் சைனீஸ் மேகசின் முழுக்க ஆங்கில இதழ். மலாய்ப் பண்பாட்டோடு கலந்து வாழ்ந்த சீனரான பாபா சமூகத்தினர் மலாயிலும் எழுதினார்கள். மொழியை வைத்துச் சல்லடை போட்டால் இவையெல்லாம் கீழே விழுந்துவிடும்.

கணக்கெடுப்பு

அடுத்து, கணினியைத் தொடாமல் ஒரு மாதம் கணக்கெடுங்கள். பெட்டி எண், ஆவண வகை, மொழி, எழுத்து வடிவம், தோராயமான ஆண்டு, தாளின் நிலை, உரியவர் யார் என்ற ஏழு பத்திகள் கொண்ட ஒரு விரிதாள் போதும். இச்சமூகத்தின் ஆவணங்களில் புதியவர் கண்ணுக்குத் தப்பும் சில வகைகள் உண்டு. சங்கங்களின் ஆண்டுவிழா மலர்கள் அவற்றுள் முதன்மையானவை. வெளித்தோற்றத்தில் விளம்பரமும் வாழ்த்துச் செய்தியும் நிறைந்த மலர்போல இருக்கும்; உள்ளே உறுப்பினர் பட்டியல், கடை முகவரிகள், சங்க வரலாறு, தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்பு எல்லாம் கிடைக்கும். கோயில்களில் கொடையாளர் பெயர் பொறித்த கல்வெட்டுகள், கல்லறைக் கற்கள், கணக்கேடுகள், குல வரலாற்று ஏடுகள் ஆகியவையும் அப்படியே. மலேசியாவின் சீனக் கல்வெட்டுகளை வுல்ஃப்காங் ஃபிராங்கும் சென் தியே ஃபானும் 1980களில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்கள். ஒரு கல்லில் என்னென்ன செய்திகளைப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு அதுவே நல்ல மாதிரி.

கல்லறைக் கல்லை வெறும் நினைவுச்சின்னம் என்று தள்ளிவிடக் கூடாது. 1922இல் திறக்கப்பட்டு 1973இல் மூடப்பட்ட சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் இடுகாட்டில் ஏறத்தாழ 1,00,000 கல்லறைகள் இருந்தன. சாலைக்காக ஒரு பகுதியைத் தோண்டியெடுக்க நேர்ந்தபோது அவற்றை ஆவணப்படுத்தினார்கள். இறந்தவரின் பூர்வீக ஊர், இறந்த ஆண்டு, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் ஆகியோரின் பெயர்கள் எல்லாம் ஒரே கல்லில் இருக்கும். எந்த அரசுப் பதிவேட்டிலும் இவ்வளவு சேர்ந்து கிடைப்பதில்லை.

பெயர்: இங்கே நிதானமாக இருங்கள்

ஆவணங்களைப் பதிவேற்றத் தொடங்குமுன் பெயர் ஆதாரக் கோப்பு ஒன்றை அமைக்க வேண்டும். ஒரு மனிதருக்கு ஒரு பதிவு, அந்தப் பதிவுக்கு மாறாத ஓர் எண், அந்த எண்ணின் கீழ் அவருக்கு வழங்கிய எல்லாப் பெயர்களும் என்பதே அதன் அமைப்பு. ஆவணப் பதிவில் பெயரை எழுதாமல் இந்த எண்ணைத்தான் இணைக்க வேண்டும். இது பட்டியலாக்கத்தில் பழைய பாடந்தான். ஆனால் சீனப் பெயர்களில் இது எவ்வளவு தூரம் போகும் என்பது செய்து பார்த்தால்தான் விளங்கும்.

முதலில் குடும்பப்பெயர். மாண்டரினில் சென் என்று ஒலிக்கும் ஒரே எழுத்து ஹொக்கியன், டியோச்சூ வீடுகளில் டான், கான்டனீஸ் வீட்டில் சான், வியட்நாமில் திரான். லின் என்பது லிம் ஆகும், லாம் ஆகும். டச்சுக்காரர்களின் எழுத்துக்கூட்டலில் அதே லிம்முக்கு இந்தோனேசியாவில் வேறு எழுத்து வரும். இதுவரை பரவாயில்லை, ஒன்று பலவாகிறது. பல ஒன்றாவதுதான் ஆபத்து. இங் என்னும் குடும்பப்பெயர் டியோச்சூக்காரருடையதானால் பெரும்பாலும் மாண்டரினில் ஹுவாங், கான்டனீஸ்காரருடையதானால் வூ. இரண்டும் வேறு வேறு குலங்கள், வேறு வேறு சங்கங்கள். ஆங்கில எழுத்தில் மட்டும் அவை ஒன்றாகத் தோன்றுகின்றன. நான் பணியில் சேர்ந்த புதிதில், பெயர்களைத் தானாகக் கொத்துக்கொத்தாகச் சேர்த்துத் தரும் கருவியை நம்பி, ஒரே எழுத்துக்கூட்டலில் இருந்த இங் குடும்பத்தினர் சிலரை ஒரே நாளில் ஒன்றாக்கிவிட்டேன். அவர்களை மறுபடியும் பிரித்தெடுக்க எனக்கும் சீனம் தெரிந்த சக ஊழியர் ஒருவருக்கும் இரண்டு மாதங்கள் ஆயின. அன்றிலிருந்து இரண்டு பழக்கங்களை விடுவதில்லை. சீன எழுத்து தெரியாதவரை இரு பதிவுகளை ஒன்றாக்குவதில்லை. மொழிக்குழு என்னும் புலத்தைக் காலியாக விடுவதில்லை. மொழிக்குழு தெரிந்தால் எழுத்தை ஊகிக்கலாம், எழுத்து தெரிந்தால் குலத்தை அறியலாம்.

அடுத்து, பெயரின் மற்றப் பகுதி. காலனிய எழுத்தர்கள் "ஆ" என்று தொடங்கும் செல்லப்பெயரையே முழுப்பெயராக எழுதி வைத்தார்கள். கோலாலம்பூரின் கப்பித்தானாக, அதாவது சீனச் சமூகத் தலைவராக, இருந்த யாப் ஆ லோய் (1837–1885) வேறு இடங்களில் யாப் தெட் லோய் என்றும் யாப் மாவ் லான் என்றும் வருகிறார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளில் அந்த "ஆ" பேரப்பிள்ளைகளுக்குக் குடும்பப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. இவை தவிர, படித்தவர்களுக்குப் புனைபெயரும் மரியாதைப் பெயரும் உண்டு. வணிகரை அவருடைய கடைப்பெயரால் குறிப்பதும் வழக்கம். அப்பாவின் பெயரே குடும்பப்பெயராகிவிட்ட நம் ஊர்க் கடவுச்சீட்டுகளை நினைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் அந்நியமாகத் தோன்றாது.

பெண்களின் பெயர் தனிக்கதை. பல குல ஏடுகளில் மகள்களுக்கு இடமே இல்லை. மனைவியைப் பிறந்த குலத்தின் பெயரால் மட்டும் "இன்னார் வீட்டுப் பெண்" என்று குறிப்பார்கள். ஆதாரக் கோப்பில் இயற்பெயர் தெரியாத பெண்ணுக்கும் தனிப் பதிவும் தனி எண்ணும் கொடுங்கள். கணவரின் பதிவுக்குள் ஒரு குறிப்பாக அவரைப் புதைத்துவிடாதீர்கள். பிற்காலத்தில் ஒரு திருமணப் பதிவிலோ கல்லறைக் கல்லிலோ இயற்பெயர் கிடைத்தால் சேர்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும் அல்லவா?

அரசு மாற்றிய பெயர்களும் உண்டு. அரசை ஏமாற்ற மாற்றிக்கொண்ட பெயர்களும் உண்டு. இந்தோனேசியாவில் 1966இல் சீனர் தம் பெயரை மாற்றிக்கொள்வதற்கான அரசாணை வந்தது. பெருவணிகர் லிம் சியோ லியோங் சுதோனோ சலிம் ஆனார். அமெரிக்காவில் சீனத் தொழிலாளர் குடியேறுவதைத் தடுத்து 1882இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் 1943 வரை நீடித்தது. 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கமும் தீயும் பிறப்புப் பதிவுகளை அழித்துவிட, அங்கே பிறந்த குடிமகனின் பிள்ளை என்று தாளில் மட்டும் உறவு காட்டிப் பலர் நாட்டுக்குள் நுழைந்தார்கள். அவர்களைத் "தாள் மகன்கள்" என்பார்கள். அமெரிக்கச் சீனர் வரலாற்றை எழுதியவர்களில் முன்னோடியான ஹிம் மார்க் லாய் (1925–2009) என்பவரின் தந்தையே லாய் என்னும் தாள் பெயரில் வந்தவர். உண்மைக் குலப்பெயரான மார்க் மறந்துபோகாதிருக்க அதைப் பிள்ளைகளுக்கு நடுப்பெயராக வைத்தார். லாயின் தொகுப்பு பெர்க்லி பல்கலைக்கழகத்தின் இனவியல் நூலகத்தில் இருக்கிறது. இத்தகையவருக்கு எது "சரியான" பெயர் என்று நூலகர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தாள் பெயரையும் குலப்பெயரையும் இரண்டையும் ஏற்றி, எது எங்கிருந்து கிடைத்தது என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதுங்கள்.

நடைமுறையில், ஒவ்வொரு பெயர்ப் பதிவிலும் முழுவடிவச் சீன எழுத்து, எளிய வடிவம், பின்யின், அவர் தாமே கையெழுத்திட்ட உரோமன் வடிவம், பிற வடிவங்கள், மொழிக்குழு, பூர்வீக ஊர், பிறப்பு இறப்பு ஆண்டுகள், ஆதாரம் ஆகியவற்றுக்கு இடம் வையுங்கள். தலைப்பாக எதை எடுப்பது என்ற கேள்வி எழும். அவர் வாழ்ந்த ஊரில் அவரை எப்படி அழைத்தார்களோ அதையே நான் எடுப்பேன். 1921இல் ஷியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவிய டான் கா கீயைச் சிங்கப்பூர்த் தரவுத்தளத்தில் சென் ஜியாகெங் என்று தலைப்பிட்டால் அவர் பேரிலுள்ள இரயில் நிலையத்தில் இறங்குபவர்க்கே அடையாளம் தெரியாது. மற்ற வடிவத்தில் தேடுபவர் அந்தத் தலைப்புக்கு வந்து சேர்ந்தால் போதும். உலக நூலகங்களின் பெயர்க் கோப்புகளை ஒன்றிணைக்கும் வியாஃப் தளத்தில் அவருக்கு எண் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை வேறொரு நூலகத்தோடு தரவைப் பகிர அதுவே பாலமாகும்.

ஊர்

பெயருக்குச் சொன்ன விதிதான் ஊருக்கும்: தாளில் உள்ளதை உள்ளபடி ஒரு புலத்தில் எழுதி, இன்றைய பெயரை அடுத்த புலத்தில் எழுதுங்கள், ஒன்றை அழித்து மற்றதை எழுதாதீர்கள். அமோய் என்பது ஷியாமென், ஸ்வாட்டோ என்பது ஷான்டோ, கான்டன் என்பது குவாங்சோ என்பவை எளியவை. அமெரிக்காவுக்குப் பெருமளவில் மக்களை அனுப்பிய தைஷான் மாவட்டத்துக்கு 1914 வரை ஷின்னிங் என்று பெயர். ஹைனான் 1988 வரை குவாங்டோங் மாநிலத்தின் பகுதி. ஆகவே 1930இல் ஒருவர் "குவாங்டோங் மாநிலத்தவர்" என்று எழுதினால் அவர் ஹைனான்காரராகவும் இருக்கலாம்.

இதைவிடத் தந்திரமானவை புலம்பெயர்ந்தோர் தங்களுக்குள் வழங்கிய பெயர்கள். சான் பிரான்சிஸ்கோவைப் பழைய பொன்மலை என்றும் மெல்பர்னைப் புதிய பொன்மலை என்றும் அழைத்தார்கள். கடிதத்தில் வெறும் "பொன்மலை" என்றிருந்தால் உறையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தாய்நாட்டைத் தாங்ஷான் என்றார்கள். ஊர்ப்பெயரைத் தானாக வரைபடத்தில் பொருத்தும் மென்பொருளுக்கு அந்தக் கடிதத்தைக் கொடுத்தால், வட சீனாவில் ஹெபெய் மாநிலத்தில் உள்ள தாங்ஷான் நகரத்தில் புள்ளி வைத்துவிடும். சிங்கப்பூரின் தேக்காவை அறியாத தமிழர் இல்லை. ஹொக்கியனில் மூங்கிலடி என்று பொருள்படும் அந்தப் பெயரைப் பின்யினில் மாற்றிச் சந்தைக் கட்டடத்துக்கு ஜூஜியாவ் என்று பெயரிட்டிருந்த காலம் ஒன்று உண்டு. மக்கள் தேக்கா என்றே சொல்லிவந்தார்கள். 2000இல் பழைய பெயரே திரும்பி வந்தது. அந்த இடைக்கால ஆவணங்களில் தேக்கா என்று தேடினால் கிடைக்காது, இரண்டு பெயரையும் நீங்கள் இணைத்திருந்தால் ஒழிய.

ஆண்டும் எண்ணும்

பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுச் சுழற்சியில் வளர்ந்த நமக்குச் சீனரின் அறுபதாண்டுச் சுழற்சி உடனே புரியும். அதன் தொல்லையும் புரியும். சுழற்சியின் முதலாண்டான ஜியாஸி என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1864 ஆகலாம், 1924 ஆகலாம், 1984 ஆகலாம். தாள், மை, கூடவே வரும் பெயர்கள் ஆகியவற்றைக் கொண்டுதான் தீர்மானிக்க வேண்டும். அரசர் ஆண்டு இருந்தால் எளிது: குவாங்ஷு பேரரசரின் முதலாண்டு 1875. ஆனால் சீன ஆண்டு சந்திர மாதங்களால் ஆனது என்பதால், குவாங்ஷு 7ஆம் ஆண்டை 1881 என்று எழுதிவிட முடியாது. அதன் பன்னிரண்டாம் மாதம் 1882 ஜனவரி–பிப்ரவரியில் விழுகிறது. மாதம் தெரியாவிட்டால் "1881–1882" என்று வீச்சாகக் கொடுங்கள். சீனக் குடியரசு நிறுவப்பட்டதிலிருந்து எண்ணும் குடியரசு ஆண்டுக்கு 1911ஐக் கூட்டினால் போதும். குடியரசு 12 என்பது 1923. சில சங்கங்களும் இதழ்களும் கன்பூசியஸ் பிறந்த ஆண்டிலிருந்து எண்ணினார்கள். அதில் 551ஐக் கழிக்க வேண்டும். இங்கும் மூல வடிவம் ஒரு புலத்தில், மாற்றிய ஆண்டு மற்றொரு புலத்தில்.

கணக்கேடுகளில் வரும் எண்கள் வழக்கமான சீன எண்களாகவும் இரா. சுசோ எண்கள் என்னும் வணிகர் குறியீட்டில் தொகைகளை எழுதுவார்கள்; முதல் மூன்று எண்களும் வெறும் கோடுகள், அவை அடுத்தடுத்து வந்தால் குழப்பம் நேராதிருக்க ஒன்றை நின்ற கோடாகவும் அடுத்ததைக் கிடந்த கோடாகவும் போடுவார்கள். யூனிகோடில் இவ்வெண்களுக்கு இடம் உண்டு. ஆனால் அங்கே தவறுதலாக ஹாங்சோ எண்கள் என்று பெயரிட்டுவிட்டார்கள், சுசோ என்று தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

இதற்கெல்லாம் பயிற்சிக்களம் பணவிடைக் கடிதங்கள். சீனத்தில் சியாவ்பி என்றும் யின்ஷின் என்றும் சொல்லப்படும் இவை, தென்கிழக்காசியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஊருக்குப் பணத்தோடு சேர்த்து அனுப்பிய கடிதங்கள். 2013இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஒரே உறையில் அனுப்பியவர் பெயர், பெறுபவரின் ஊர், தொகை, பணவிடைக் கடையின் முத்திரை, வரிசைக் குறி ஆகியவை இருக்கும். பணம் கிடைத்ததற்கான மறுமொழிச் சீட்டு வேறொரு நாட்டில், வேறொரு தொகுப்பில் இருக்கக்கூடும். ஆகையால் உறை, கடிதம், மறுமொழி மூன்றுக்கும் தனித்தனிப் பதிவுகள் போட்டு அவற்றை உறவால் இணையுங்கள். மூன்றையும் ஒரே பதிவில் திணித்தால் பிற்பாடு வந்துசேரும் மறுமொழிக்கு இடமிராது. தொகையை அன்றைய நாணயத்திலேயே எழுதுங்கள். இன்றைய மதிப்புக்கு மாற்றுவது ஆய்வாளரின் வேலை.

எழுத்தும் மென்பொருளும்

சிங்கப்பூர் 1969 முதல் எளிய எழுத்துகளுக்கு மாறத் தொடங்கி 1976இல் சீனாவின் வடிவங்களோடு முழுதும் ஒத்துப்போனது. அதற்கு முந்தைய ஆவணம் முழுவடிவத்தில் இருக்கும். இன்று தேடும் மாணவர் எளிய வடிவத்தில் தட்டுவார். தேடுபொறி இரண்டையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும், ஆனால் சேமிப்பது ஆவணத்தில் உள்ள வடிவத்தையே. முழுவடிவத்திலிருந்து எளிய வடிவத்துக்கு இறங்குவது சுலபம். மீண்டும் ஏறும்போது வழி பிரிகிறது. ஜோங் என்னும் குடும்பப்பெயரின் எழுத்தும் மணியைக் குறிக்கும் எழுத்தும் எளிய வடிவத்தில் ஒன்றாகிவிட்டன. இயந்திரம் திருப்பி மாற்றும்போது ஒரு குடும்பத்தையே மணியாக்கிவிடும்.

நூலகப் பதிவுகளுக்கான மார்க் 21 முறையில் பட்டியலிடுவோர் உரோமன் வடிவத்தை வழக்கமான புலத்திலும் சீன எழுத்தை 880 என்னும் இணைப்புலத்திலும் இடுவர். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2000இல்தான் சீனத்தை உரோமன் எழுத்தில் எழுதும் பழைய வேட்–ஜைல்ஸ் முறையைக் கைவிட்டுப் பின்யினுக்கு மாறியது; அதற்கு முந்தைய பதிவுகளை வேறு நூலகத்திலிருந்து இறக்கினால் எழுத்துக்கூட்டலைச் சரிபாருங்கள். மென்பொருளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நூல்களுக்குக் கோஹா, ஆவணக் கட்டுகளுக்கு ஏட்டோம், படங்களைக் காட்சிக்கு வைக்க ஓமேகா என எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. தரவை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சொற்களுக்கிடையே இடைவெளி விடாத மொழி சீனம் என்பதால், தேடலை எழுத்து எழுத்தாகவோ இரண்டிரண்டு எழுத்தாகவோ பிரித்து அட்டவணைப்படுத்தும் வசதி அந்த மென்பொருளில் வேண்டும்.

ஸ்கேன் செய்பவருக்கு ஒரு குறிப்பு எழுதி மேசையில் ஒட்டுங்கள். பழைய சீன நூல் வலமிருந்து இடமாகத் திறக்கும். நமக்குக் கடைசிப் பக்கம் அதற்கு முதற்பக்கம். வரிகள் மேலிருந்து கீழாகச் செல்லும். தலைப்பு கிடைவரியாக இருந்தாலும் வலமிருந்து படிக்க வேண்டியதாக இருக்கலாம். மெல்லிய தாளில் மறுபக்கத்து மை தெரியும் என்பதால் தாளின் அடியில் ஒரு காகிதம் வைத்துப் படமெடுங்கள். உறையின் பின்புறத்தையும் காலியென்று கருதாமல் எடுங்கள். முத்திரைகள் அங்கேதான் இருக்கும். படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி மென்பொருள் அச்சு நாளிதழில் ஓரளவு தேறும், கைக்கடிதத்தில் தடுமாறும். எழுத்துணரி தந்த பாடத்தையும் மனிதர் படித்துத் தந்த பாடத்தையும் வேறுபடுத்திக் காட்டும் புலம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

பொருள் தலைப்பு

ஹுவாசியாவ் என்றால் வெளிநாட்டில் தங்கியிருக்கும் சீனக் குடிமகன். ஹுவாரென் என்றால் சீன இனத்தவர், எந்த நாட்டுக் குடிமகனாகவும் இருக்கலாம். ஹுவாயி என்றால் சீன வழித்தோன்றல். இவற்றை ஒன்றாகக் கலந்தால் நாலு தலைமுறையாக மலேசியராக இருப்பவரை அந்நியராக்கிவிடுகிறோம். 1920களின் நூல் தன்னைப் பற்றி ஹுவாசியாவ் என்று சொன்னால் அதை நூற்தலைப்பில் அப்படியே விடுங்கள். நீங்கள் கொடுக்கும் பொருள் தலைப்பில் "சீனர் – மலேசியா" என்பது போன்ற நடுநிலைச் சொல்லைப் பயன்படுத்துங்கள். "கூலி" முதலிய சொற்களுக்கும் இதுவே வழி. மொழிக்குழு, தொழில், சங்கம் ஆகிய மூன்றையும் தனித்தனித் தலைப்புகளாகத் தருவது நல்லது, ஏனெனில் இத்துறையின் கேள்விகளில் பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றைப் பற்றியவை.

இசைவு

ஆவணங்களில் பல இன்றும் சங்கங்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியவை. கடன், வழக்கு, இரகசியச் சங்கத் தொடர்பு, தாள் பெயர் எல்லாம் அவற்றில் இருக்கும். 1962 இந்திய–சீனப் போரையொட்டி இந்தியச் சீனர் ஏறத்தாழ 3,000 பேரை இராஜஸ்தானின் தியோலி முகாமில் அடைத்து வைத்தார்கள். அவர்களில் சிலரும் அவர்களின் பிள்ளைகளும் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்தோனேசியாவில் சீனரின் சமயச் சடங்குகளையும் வழக்கங்களையும் பொதுவில் நடத்துவதையே ஒடுக்கிய ஆணை 2000இல்தான் நீக்கப்பட்டது. அக்காலத்தில் வீட்டுக்குள் மறைத்து வைத்த தாள்களை ஒருவர் உங்களிடம் தருவது சாதாரண நம்பிக்கை அன்று. எழுத்துமூலம் இசைவு பெறுங்கள். எவ்வெவற்றை இணையத்தில் வெளியிடலாம், எவ்வெவற்றை நூலகத்துக்குள் மட்டும் காட்டலாம், எவை எத்தனை ஆண்டுகள் மூடியிருக்க வேண்டும் என்று ஆவண வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர் பெயர் பொதுத்தேடலில் வராதிருக்கத் தரவுத்தளத்திலேயே ஒரு தடை அமையுங்கள். படமெடுத்த நகலொன்றைச் சங்கத்துக்குத் திருப்பிக் கொடுப்பது மரியாதை. பல இடங்களில் அடுத்த பெட்டி அதனால்தான் திறந்தது.

சோதனை

நூறு பதிவுகள் சேர்ந்ததுமே சோதனையைத் தொடங்குங்கள், பத்தாயிரம் ஆகும்வரை காத்திருக்காதீர்கள். லிம் நீ சூன் போன்ற ஒருவரை எடுத்துக்கொண்டு டியோச்சூ வடிவத்திலும் பின்யினிலும் முழுவடிவ எழுத்திலும் எளிய எழுத்திலும், அவர் பெயரால் அமைந்த ஊர் வழியாகவும் ஐந்து முறை தேடுங்கள். ஐந்து முறையும் ஒரே பதிவு வர வேண்டும். அதோடு, இன்னொரு லிம் வரக் கூடாது. பிறகு சீனம் மட்டும் தெரிந்த ஒருவரையும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஒருவரையும் ஒரே கேள்வியோடு உட்கார வைத்து, இருவருக்கும் கிடைத்த விடைகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். எண்ணிக்கை வேறுபட்டால் தவறு பெரும்பாலும் மென்பொருளில் இராது. பெயர்க் கோப்பைத் திறந்து, எந்த வடிவம் விடுபட்டது என்று பாருங்கள். திருத்தியதும் யார், எந்த நாளில், எந்த ஆதாரத்தைக் கொண்டு திருத்தினார் என்பதை அந்தப் பதிவின் அடியிலேயே எழுதி வைத்துவிட்டு அடுத்த நூறுக்குப் போங்கள்.